முந்திரிகைத் தோட்டத்தில் நீங்கள் குடித்தது

என் அன்பு மாமாவுக்கு,

பாரிசில், உங்கள் மார்க்ஸ் டோர்மோய் தெரு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் நாற்காலியில்தான். மாமி பார்த்தார். தேத்தண்ணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போனார். நீங்கள் இருந்த காலத்தில் இந்த நாற்காலியில் உட்கார எனக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

போன வாரம், ஒயினுக்குப் பேர்போன போஜோலே பக்கம் மறுபடி போய் வந்தோம் மாமா. அதே மாதிரி படுக்கை வைத்த ஒரு கேம்பர்வேன், அதே திராட்சைத் தோட்டம், அதே தோட்டக்கார மதாம். உங்கள் ரகசியம் ஒன்று அங்கே உடைந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உடைத்தது மாமி இல்லை.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநெல்வேலிக்காரன். பாரிசுக்குப் படிக்க வந்து, கம்ப்யூட்டர் வேலையில் ஒட்டிக்கொண்டு, தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலுக்குச் சாப்பிட வந்த இடத்தில் உங்கள் மகள் வாசுகியைப் பார்த்தவன். நீங்கள் யாழ்ப்பாணத்து மனிதர். இருபது வருடத்துக்கு மேல் பிரெஞ்சு ரெஸ்டாரன்ட் ஒன்றின் சமையலறையில் நின்றவர். 2009இல் வன்னியில் உங்கள் தம்பியைப் பறிகொடுத்தீர்கள். அதற்குப் பிறகு இந்தியா என்ற பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவீர்கள் என்று வாசுகி சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் நான் வந்து உங்கள் வாசலில் நின்றேன்.

கல்யாணத்தை நீங்கள் தடுக்கவில்லை. சாப்பாட்டிலும் ஒரு குறை வைத்ததில்லை, மீனில் நல்ல துண்டு எப்போதும் என் தட்டில்தான் விழும். ஆனால் அந்த முதல் வருடங்களில் என் பேரையோ, மருமகன் என்ற சொல்லையோ ஒரு நாளும் உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. “இந்தியாக்காரருக்குத் தேத்தண்ணி குடுங்கோ.” “இந்தியாக்காரர் சாப்பிட்டாரோ?” நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். கேள்வி மட்டும் மாமியிடம் போகும்.

ஒரு தடவை நானே முன்வந்து, “மாமா, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்” என்றேன். நீங்கள் முகம் சிவந்து எழுந்து உள்ளே போனீர்கள். உங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது, சாதாரணமாகப் பேசுவதற்குக் கதைப்பது என்று சொல்ல வேண்டும் என்பதை வாசுகி அன்றிரவு சிரித்துச் சிரித்து விளக்கினாள். மாமனாரைத் திட்ட வேண்டும் என்று அனுமதி கேட்ட முதல் மருமகன் நானாகத்தான் இருப்பேன்.

முந்திரிகை விஷயமும் அப்படித்தான் ஆயிற்று. 2016 கோடை. “அப்பாவுக்கு முந்திரிகைத் தோட்டம் ஒருக்காப் பாக்க வேணுமாம். உங்களோட போனா நல்லமாம்” என்று வாசுகி வந்து சொன்னபோது நான் ஆடிப்போனேன். என்னோடு என்று நீங்களா சொன்னீர்கள்? உடனே தேட உட்கார்ந்துவிட்டேன். பிரான்சில் முந்திரித் தோட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடினேன். கிடைக்கவில்லை. பிரான்சு தேசத்திலேயே முந்திரி விளையாது, வேண்டுமானால் மாமாவை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்று நான் வந்து சொன்னதும், மாமி சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எங்களுக்கு முந்திரி என்றால் பாயசத்தில் போடுவது. உங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை. நீங்கள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மீசை லேசாக அசைந்ததை நான் பார்த்தேன்.

வேனை லா ஷப்பலுக்குக் கொண்டுவந்து சாமான் ஏற்றிய காலை நினைவிருக்கிறதா மாமா? புட்டுப்பானை, அரிசிமா, மாமியின் மிளகாய்த்தூள் என்று ஏற்ற ஏற்றத் தெருவே கூடிவிட்டது. “என்ன அண்ணை, கொத்துரொட்டி விக்கப் போறியளோ?” என்று ஒருவர் கேட்டார். நீங்கள் கொஞ்சமும் சிரிக்காமல், “ஓம், பின்னேரம் வாரும், இருந்தாத் தாறன்” என்றீர்கள்.

முதல் நாள் இரவு படுக்கையில் சிக்கல் வந்தது. வேனில் இரண்டு படுக்கைகள். ஒன்று ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் மாதிரி, இன்னொன்று மேசையை மடக்கி விரிப்பது. மாமியால் ஏற முடியாது, ஆகவே நீங்கள் இருவரும் கீழே. மேலே படுத்தால் என் கால் சரியாக உங்கள் தலைக்கு மேலே வருகிறது. நான் மாட்டேன் என்றேன். வெளியே பாய் போட்டுக்கொள்கிறேன் என்றதற்கு நீங்கள் மாமியைப் பார்த்துச் சொன்னீர்கள்: “மருமோனை வெளியில படுக்க விட்டா ஆக்கள் என்ன சொல்லுவினம்?” சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடிதான், ஒரு நாய்கூட இல்லை. மருமோன் என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அதையும் ஆக்களுக்குப் பயந்துதான் சொன்னீர்கள். அன்றைக்கு ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்துகொண்டே தூங்கினேன்.

மறுநாள் அந்த மதாமின் தோட்டம். மஞ்சள் கல் வீடு, பெரிய முற்றம், கேம்பர்வேனில் வருகிறவர்கள் இரவு நிறுத்திக்கொள்ள இடம் தருவார். நீங்கள் வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டு, “இதென்ன, பந்தல் இல்லாமல் இடுப்பளவில நட்டு வைச்சிருக்கினம்” என்று குறைபட்டீர்கள். மாமி வேனுக்குள் உளுந்து வடை சுட்டார். புகை மணி அலறி மதாம் ஓடிவந்தார். ஓடிவந்தவருக்கு ஒரு தட்டு வடை கிடைத்தது. பதிலுக்கு எங்களை நிலவறைக்குக் கூப்பிட்டார், ஒயின் சுவைக்க.

ஒயினைச் சுவைக்கிறவர்கள் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுப் பக்கத்து வாளியில் துப்புவார்கள். நான் வண்டி ஓட்டுகிறவன், ஒழுங்காகத் துப்பினேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “வீட்டுக்காரி தந்ததை அவவுக்கு முன்னாலேயே துப்புறதோ? என்ன பழக்கம் இது?” என்று மாமியிடம் சொன்னீர்கள். அய்யா என்ன சொல்கிறார் என்று மதாம் கேட்டார். நிறம் நன்றாக இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.

அதற்குள் மாமி மதாமின் காதில் ஏதோ சொன்னார். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்து பழகிய அந்தப் பிரெஞ்சில் நேற்றும் கிடையாது நாளையும் கிடையாது, எல்லாமே இன்றுதான். கழிப்பறை எங்கே என்று கேட்கிறார் என்று நினைத்தேன். மதாம் உள்ளே போய் லேபிள் ஒட்டாத ஒரு போத்தல் கொண்டுவந்து உங்களுக்கு மட்டும் ஊற்றினார். பெரியவர் என்று நல்லதாகப் பார்த்து எடுத்திருப்பார், எனக்குக்கூட ஒரு வாய் கிடைத்தால் தேவலை என்றிருந்தது. நீங்கள் ஒரு சொட்டும் துப்பவில்லை. ஊற்ற ஊற்றக் குடித்தீர்கள். வாழ்நாளில் தொடாத மனிதர் இப்படிக் குடிக்கிறாரே என்று வாசுகி பிரெஞ்சில் கத்தினாள். மாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு நான் முற்றத்துக்கு வந்து மடக்கு நாற்காலிகளை விரித்தேன். சாயங்காலம், கோடை வெளிச்சம் போகவே இல்லை. நீங்கள் தள்ளாடித் தள்ளாடி வந்தீர்கள். என் தோளைப் பிடித்து உட்கார்ந்தீர்கள்.

“இஞ்சை வாரும். கிட்ட இரும்.”

அதுவரை என்னை நேராகப் பார்த்து எதுவுமே சொன்னதில்லை. திடீரென்று ‘வாரும்’, ‘இரும்’. எங்கள் ஊரில் நாடகத்து ராஜாதான் அப்படிப் பேசுவார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது.

“என்ர தம்பியைப் பறிகுடுத்த அந்த வருசம் எனக்கு எல்லாரிலயும் கோவம். அதை எங்கை கொண்டுபோய்க் கொட்டுறதெண்டு தெரியேல்லை. நீர் வந்து நிண்டீர், உம்மில கொட்டிப்போட்டன். உம்மில என்ன பிழை? ஒண்டும் இல்லை.” கொஞ்ச நேரம் கொடிகளைப் பார்த்தீர்கள். “நீர் எங்கட பிள்ளை. விளங்குதோ? எங்கட பிள்ளை.”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எழுந்து வேனுக்குள் போய்த் தலையணையை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டீர்கள். “இனி ஒருத்தற்ற தலைக்கு மேலயும் ஒருத்தற்ற காலும் இல்லை. மேல ஏறிப் படும்” என்றீர்கள். ஏறிப் படுத்தேன். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை.

விடிந்ததும் உங்கள் குரல்தான் முதலில் கேட்டது. “இந்தியாக்காரருக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?”

அவ்வளவுதானா மாமா என்று நினைத்தேன். இரவு பேசியது ஒயின், அவர் இல்லை என்று முடிவு கட்டினேன். குடித்துவிட்டுச் சொன்னதை நினைவுபடுத்தி ஒரு பெரிய மனிதரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அதன் பிறகு நான் வாயே திறக்கவில்லை. நீங்களும் திறக்கவில்லை. பேத்தி பிறந்தாள், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கார் து நோர் ஸ்டேஷன் வரை ரயில் காட்டக் கூட்டிப்போனீர்கள், ஆனாலும் நான் இந்தியாக்காரர்தான்.

நீங்கள் போன அன்று, ஈமக்கிரியை யார் செய்வது என்ற பேச்சு வந்தது. உங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. எல்லோரும் ஒரு கணம் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. இவர் என்னைப் பிள்ளை என்றாரா, ஒயின் சொன்னதா? அந்தச் சந்தேகம் காலைப் பிடித்து இழுத்தது. நான் சுவரோரம் நின்றேன். உங்கள் தம்பியின் மகன் சுதன் ஸ்தேன் புறநகரிலிருந்து வந்து எல்லாம் செய்தான். வருடத் திவசத்தையும் அவனே செய்தான். அவன் தர்ப்பை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது மாமா. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் கோடையில் மாமிதான், “அந்த முந்திரிகைத் தோட்டத்துக்கு ஒருக்காப் போவமே” என்றார். மதாமுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மாமியைப் பார்த்ததும், “ஓட்டை போட்ட பலகாரம்!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். நிலவறையில் எங்களுக்கு ஊற்றிவிட்டு, உங்கள் பேத்திக்கென்று லேபிள் ஒட்டாத ஒரு போத்தலை எடுத்தார்.

“இது குழந்தைகளுக்கு. எங்கள் திராட்சையின் சாறு. அந்த வருடம் மீசை வைத்த அய்யாவுக்கும் இதைத்தான் கொடுத்தேன், அவர் குடிப்பதில்லை என்று அம்மா சொன்னார்கள். எப்படி ரசித்துக் குடித்தார்!”

என் கையில் இருந்த கிளாஸை வைத்துவிட்டு மகளின் கிளாஸை வாங்கிக் குடித்துப் பார்த்தேன். வெறும் இனிப்பு. பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கலாம்.

வெளியே வந்து மாமியைக் கேட்டேன். “மாமி, அன்னைக்கு மாமா குடிச்சது ஜூஸா?”

“ஓம். பின்னை? தொடாத மனுசன் அண்டைக்கோ தொடப்போறார்?”

“அது ஜூஸ்னு அவருக்குத் தெரியுமா?”

“ரெஸ்ரோறன்ரில அத்தினை வருசம் நிண்ட மனுசனுக்கு வைனும் ஜூசும் தெரியாதோ தம்பி?”

“அப்ப ஏன் தள்ளாடினார்?”

மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “படியேறி வாசல் வரைக்கும் நேராத்தான் நடந்து வந்தவர். உங்களைக் கண்டாப் பிறகுதான் தள்ளாடினவர். நானும் பாத்துக்கொண்டுதானே பின்னால வந்தனான். முந்திரிகை பாக்கவோ அவர் அவ்வளவு தூரம் வந்தவர்? உங்களோட கதைக்க வேணுமெண்டு வந்தவர். எப்பிடித் துவங்கிறதெண்டு தெரியேல்லை. உங்களுக்கு இது விளங்கியிருக்கும் எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சனான்.”

எனக்கு விளங்கவில்லை மாமா. மறுநாள் காலை ‘இந்தியாக்காரருக்குத் தேத்தண்ணி’ என்று நீங்கள் கேட்டதில் இருந்த குறும்புகூட விளங்கவில்லை. மடக்கு நாற்காலிகள் இருந்த அதே இடத்தில் நின்று அழுதேன். மகள் ஓடிவந்து, அப்பா அதிகமாகக் குடித்துவிட்டாரா என்று பிரெஞ்சில் கேட்டாள். இல்லை, ஜூஸ்தான் குடித்தேன் என்றேன்.

நீங்கள் போய் இரண்டாவது மார்கழி வரப்போகிறது. திரும்பும் வழியில் சுதனுக்குப் போன் செய்தேன். “அத்தான், நீங்கள் எப்ப கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்” என்றான். இந்த மார்கழித் திவசத்துக்குத் தர்ப்பை போட்டு உட்காரப்போவது நான். அடுத்த வருடமும் நான்தான், என் உடம்பில் தெம்பிருக்கும் வரை நான்தான். படையலில் மற்றதெல்லாம் மாமியின் பொறுப்பு. ஒரு கிளாஸ் மட்டும் நான் ஊற்றி வைப்பேன், மதாம் தந்தனுப்பிய போத்தல் பத்திரமாக இருக்கிறது. இந்தத் தடவை தள்ளாட வேண்டாம், நேராக நடந்து வாருங்கள். எனக்கும் உங்களோடு நிறையக் கதைக்க வேணும்.

இப்படிக்கு,
உங்கட பிள்ளை,
இந்தியாக்காரர்