டேரியஸ் மன்னனாக நின்ற மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தது பற்றி

அனுப்புநர்:
வ. கிருபாசங்கர்,
வரலாற்று ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
செங்காட்டுப்புதூர், பெரியார் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
கோபிசெட்டிபாளையம்.

பொருள்: ஒன்பதாம் வகுப்பு மாணவன் சி. கதிர்வேலை நீக்கியதை ரத்து செய்யவும், என்மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

புகார் கொடுப்பவனும் நான்தான், புகாருக்கு உள்ளானவனும் நான்தான். இப்படியொரு மனு தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

1. பாரசீக மன்னன் டேரியஸ் நாடு நாடாகப் பிடித்த கதையைப் புத்தகத்தில் படித்தால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். அதனால் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் வரைபடம் போட்டு, அவர்களையே படையாக நடத்திப் பாடம் எடுப்பேன். சென்ற வாரம் கதிர்வேல்தான் டேரியஸ்.

2. டேரியஸ் படகுகளை வரிசையாகக் கட்டிக் கடலைத் தாண்டியவன். மைதானத்தை ஒட்டி ஓடும் வாய்க்காலையே கடலாக்கிவிட்டேன். படகுக்கு என்னங்க சார் பண்றது என்று கதிர்வேல் கேட்டான். கரையில் வெட்டிக் கிடந்த வாழைமரங்களைக் கைகாட்டியது நான். படை தாண்டியபோது கைதட்டியதும் நான். அன்று வயல்களுக்கு முறைத் தண்ணீர் திறக்கும் நாள் என்பது என் புத்தியில் உறைக்கவில்லை. மணியடித்ததும் மரங்களை வாய்க்காலின் குறுக்கே அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டோம். தண்ணீர் அடைத்துக் கரை உடைந்து, பக்கத்து வயல்கார அம்மா நாச்சியம்மாளின் நாற்றங்கால் முழுக்க அடித்துக்கொண்டு போய்விட்டது.

3. யார் வேலை இது என்று விசாரணையில் தலைமையாசிரியர் கேட்டார். கதிர்வேல் என் முகத்தைப் பார்த்தான். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது, ஐயா. வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவனே, நாந்தானுங்க என்று சொல்லிவிட்டான். அன்றே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

4. உண்மையைச் சொல்லத்தான் நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தந்தை சின்னான், கூலி வேலை செய்பவர். நான் வாயெடுக்கும் முன்பே, பையனால உங்களுக்குக் கெட்ட பேராப் போச்சுங்களே என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பின்னால் நின்ற கதிர்வேல் அப்போதும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன், வெட்கங்கெட்டவன். தை அமாவாசை கழிந்ததும் அவனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பப் போகிறார்களாம்.

அதற்குள் அவனை மீண்டும் பள்ளியில் சேர்த்துக்கொள்ள உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். நாற்றங்கால் நஷ்டத்தை என் சம்பளத்தில் பிடிக்கலாம். பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடலாம். தலைமையாசிரியர் வழியாக அனுப்பாமல் நேரடியாக எழுதுவதும் விதிமீறல்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வ. கிருபாசங்கர்

இடம்: செங்காட்டுப்புதூர்
நாள்: 21-1-1995

நகல்: திரு. சின்னான் அவர்களுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால், மகனை அருகில் வைத்துக்கொண்டு நானே நேரில் படித்துக் காட்டுவேன்.