காதை மூடும் கறுப்பு ஹெட்போன்

ஆவணி முதல் ஞாயிறு, ராத்திரி

காதில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் பார்த்தாச்சு. ஜங்ஷன் கடையில் ஊர்ச்சனம் எல்லாம் மாட்டிப் பார்த்த ஹெட்போன்களைத்தான் எனக்கும் மாட்டினார் கடைக்கார அண்ணாச்சி. காதை முழுசா மூடணும், விலை குறைவா இருக்கணும், சத்தம் தெளிவா வேணும் என்றேன். அவரோ ஒவ்வொன்றிலும் குத்துப்பாட்டைப் போட்டு, "நெஞ்சு அதிருதா, பாரும் வே" என்கிறார். எல்லாம் ஒரே உறுமல். பாடுகிறவன் வாயில் துணியை அடைத்த மாதிரி இருந்தது.

கடைசியில் மூலையில் கிடந்த கறுப்பு ஒன்றை மாட்டி, என் போனில் இருந்த, ஆடியில் எங்கள் கோயில் கொடைத் திருவிழாவில் பதிந்த வில்லுப்பாட்டைப் போட்டேன். அந்தப் பதிவைச் சரிபண்ணி ஊர் குரூப்பில் போடத்தான் ஹெட்போனே தேடினேன். வில்லில் கட்டிய மணி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. பாட்டு நின்ற இடத்தில், பின்னால் என் மாமா குரல். "குடம் அடிக்கவனை நம்மாளுக பந்தியில உக்கார வச்சிராத. புறவாசல்ல பைய ஒரு இலையைப் போட்டுரு."

அன்று வில்லுக்குப் பக்கத்தில் தாளத்துக்குக் குடம் அடித்தது சுடலை. பேட்டைப் பட்டறையில் என்கூட வேலை பார்க்கிறவன். நான் கூப்பிட்டுத்தான் வந்தான். அன்று சாப்பிட்டியாலே என்று கேட்டதற்கு, "ஆச்சுலே, நல்ல சாப்பாடு" என்றான்.

அந்த ஹெட்போனையே வாங்கி வந்துவிட்டேன். அந்த இடத்தை வெட்டினால் மாமா தப்பித்துவிடுவார். வெட்டாவிட்டால், பாட்டு கைமாறிப் போய்ச் சுடலையும் கேட்பான்.

இப்போதுதான் மாமா போன் பண்ணினார். "பாட்டு தெளிவா கேக்குதாலே?"

"கேக்கு மாமா. உங்க குரலும் கேக்கு" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. "குரூப்புல போட்டுட்டியாலே?" என்றார்.