மெதுவான அலை

புதன்.
காலையிலேயே வெயில். மின்முனை கழுவல், உப்புக்கரைசல், மக்காச்சோளம் ஊறப்போடல். வேர்நுனி அருகே மின்னழுத்தம் சில நிமிடத்துக்கு ஒருமுறை அலையாக ஏறி இறங்குகிறது. அயனிகள் உள்ளே போவதும் வெளியே வருவதும். வளரும் வேரில்தான் இது. வளர்ச்சி நின்றால் கோடு படுத்துவிடும். மூன்று வருடமாகப் பார்த்தும் சலிக்கவில்லை.
கவிதா ஆய்வகம் வரவில்லை. தலைவலியாம். நாளை சேலம் கருத்தரங்குக்கும் வரமாட்டாளாம்.

வியாழன்.
வந்திருந்தாள். மேடையில். திரையில் என் அலை. கீழே இரண்டு பெயர்: அவள், எங்கள் கைடு சார். ஆறு வருடமாக ஒரே மேசை, ஒரே சாப்பாட்டு டப்பா. படிக்கக் கேட்டாள் என்று பதிவுகளை நான்தான் கொடுத்தேன்.
பின்வரிசையில்: "புள்ள கெட்டிக்காரிங்க." "எருமப்பட்டிக்காரியாச்சே!"
எல்லோரும் கைதட்டினார்கள். நானும். அதுதான் தாங்கவில்லை.
டீ நேரத்தில் போண்டாவை நீட்டினாள். "ஏனுங்க்கா மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கீங்க? பேருதானுங்க்கா. அடுத்த கட்டுரைல போட்டுக்கலாம்."
வாங்கித் தின்றேன்.

சனி.
செவ்வாய்ப்பேட்டை கடைவீதி. துவரை, புளி, சீரகம். மிளகாய் மறந்தாயிற்று.
அவள் காட்டிய அந்த அலை மற்றவற்றைவிட மெதுவானது. மக்காச்சோள ரகத்தின் இயல்பு என்றாள் மேடையில். இல்லை. அதைப் பதிவு செய்த அன்று காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோய் போர் தண்ணீரில் கரைசல் கலந்தேன். குடத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர், அவ்வளவு சுண்ணாம்பு; அலை மெதுவானது அதனால்தான். நோட்டில் எழுதவில்லை. வெட்கம். மறுபடி செய்துவிட்டுச் சொல்லலாம் என்று.
என் அலை என்று காட்ட என் பிழையைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் மற்ற பதிவுகளையும் நம்பமாட்டார்கள். ஆய்வேடு போகும்.

செவ்வாய்.
மேகம். மழை இல்லை. கவிதா போன்.
"அக்கா, எனக்கு அந்த அலை வரவே மாட்டேங்குது. சார் செஞ்சு காட்டுங்கறாரு. அன்னைக்கு என்னதான் பண்ணுனீங்க?"
"மேடையில நின்னவளுக்குத் தெரியாதா சாமி?"
அழுதாள். நிஜ அழுகை. அதுவும் எரிச்சலாக இருந்தது.
பகலில் கைடு சார் அறை. போர் தண்ணீர், எழுதாமல் விட்டது, எல்லாம் சொல்லிவிட்டேன். அது என் பதிவு என்பதையும்.
"உங்க பதிவுன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. தண்ணி விசயந்தான் தெரியாது."
பேனாவைத் திறந்தார். தண்ணீரை மட்டும் குறித்துக்கொண்டார்.