தறிக்குழியில் ஒளித்தவை

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே முதுகு சுடுகிற வெயில். ஓரிக்கையிலிருந்து சைக்கிள். செயினுக்கு எண்ணெய் விட வேண்டும்.

நாளை ஏகாம்பரம் வீட்டுக்கு மெடிக்கல் போர்டு டாக்டர் வருகிறார். பட்டாளத்தில் வண்டி கவிழ்ந்து ஏ.வுக்கு இடுப்புக்குக் கீழே செத்துப்போய்ப் பத்தொன்பது வருடம். ஊனப் பென்ஷன் வருகிறது. வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள உதவியாளர் படி என்று தனியாக ஒன்று உண்டு. இத்தனை வருடம் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஒரு பயல் சொல்லவில்லை. நானும் பட்டாளத்துக் கிளார்க்குதான். ஓய்வுக்குப் பிறகு முன்னாள் சிப்பாய்களுக்கு மனு எழுதிக்கொடுப்பதே பிழைப்பாகிவிட்டது. எனக்கே இவர்களைப் போன வருடம்தான் தெரியும்.

டாக்டர் ‘ஆள் தேவை’ என்று எழுதினால் போதும்.

மனைவி சுலோச்சனாவுக்கு வலது தோள் போய்விட்டது. புருஷனைத் தூக்கிப் புரட்டியே. தறியில் உட்கார்ந்தால் ஊடு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளக் கை எழவில்லை. “காலையில ரெண்டு மணி நேரம் ஒரு ஆம்பள ஆள் வந்தா போதும்ணா. குளிப்பாட்டி உக்கார வெச்சிட்டா மீதிய நான் பாத்துக்குவேன்.”

வாங்க வேண்டியவை: பிளேடு, மெடலுக்குப் பாலிஷ், ஊதுபத்தி.

ஜூன் 10, செவ்வாய்

ஆறுக்கே போய்விட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என் கை சும்மா இருக்காது. ஏ.வுக்குச் சவரம். இஸ்திரி போட்ட சட்டை. மெடல் மூன்றும். நாற்காலியில் தூக்கி வைத்து, சரியாமல் இருக்க இடுப்பை நாற்காலியோடு கட்டினோம். கட்டு தெரியாமல் மேலே ஒரு துண்டு.

பெட்பேன், ரப்பர் ஷீட், மூத்திர டப்பா எல்லாம் தறிக்குழியில். தறியில் உட்கார்ந்து கால் தொங்கப்போடுகிற குழி, ஆழம் போதும். மேலே ஒரு பாய். கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் பழைய தறிக்கயிறு ஒன்று தொங்கும், அவர் பிடித்து எழுவதற்காக சு. கட்டியது. அதையும் அவிழ்த்தேன்.

“அத ஏண்ணா எடுக்கறீங்க?”

“ஆபீசர் வராரும்மா.”

டாக்டர் சின்ன வயது, மரியாதைக்காரர். ஏ. சல்யூட் அடித்தார்.

“எப்படி இருக்கீங்க?”

“ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்.”

“புண்ணு ஏதாவது?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“உங்க வேலையெல்லாம்?”

“நானே பாத்துக்கறேன் சார்.”

சு. வாயைத் திறக்கப் போனாள். நான்தான் கையமர்த்தினேன். ஏழு நிமிடத்தில் முடிந்தது.

“நல்லா போச்சில்ல, கிளார்க்கு?” என்றார் ஏ. நானும் ஆமாம் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

மேகம். மழை இல்லை. அறிக்கை நகல் வாங்கினேன்.

துணையின்றி நாற்காலியில் உட்காருகிறார். படுக்கைப்புண் இல்லை. வீட்டில் நோயாளிக்கான சாதனங்கள் எதுவும் இல்லை. உதவியாளர் தேவையில்லை.

கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னது: “நல்லா இருக்காருன்னு சந்தோஷப்படுங்க சார்.” நகலை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

புண் ஏன் இல்லை? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒருத்தி புரட்டிப் போடுகிறாள், தோள் போன பிறகும். புண் வரவிட்டிருந்தால் படி கிடைத்திருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டது குற்றமாகிவிட்டது. எழவெடுத்த சட்டம்.

மற்றது என் வேலை. சாதனங்கள் இருந்தன, தறிக்குழியில். காட்டியதை டாக்டர் பார்த்தார். எத்தனை பேருக்கு மனு எழுதியிருக்கிறேன், இந்தப் புத்தி வரவில்லையே. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சு.விடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. “மறுபடி வரச் சொல்லுங்கணா. இந்தத் தடவ நீங்க உள்ள வராதீங்க.”

மறுபரிசீலனை மனு. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஜூன் 30, திங்கள்

புழுக்கம். சைக்கிள் பஞ்சர். நாளை டாக்டர் திரும்ப வருகிறார்.

ஏ. போன்: “காலையில வந்துடு கிளார்க்கு, சவரத்துக்கு.”

வரமாட்டேன் என்றேன். அவர், “ஆபீசர் முன்னாடி நாறிக்கினு படுத்திருக்கணுமா நானு? நீயும் பட்டாளத்தான்தான?”

காலைக் கொடுத்தவன் பீயையும் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லார்மேலும் வருகிறது.

ஜூலை 1, செவ்வாய்

போகக் கூடாது. போனேன். எதிர்ச் சாரியில், திறந்திருந்த ஜன்னலுக்கு நேரே நின்றேன். குறுகல் தெரு, உள்ளே பேசுவது கேட்கும்.

காலையிலிருந்து சு. அவரைத் தொடவில்லை. தறியில் போய் உட்கார்ந்திருந்தாள், நெய்யாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. “சுலோ… சுலோ…” என்று அவர் கூப்பிடுவது தெருவரை கேட்டது. சு. அசையவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அவ்வளவுதான்.

அதே டாக்டர். உள்ளே போனதும் கேட்டார்: “எப்படி எழுந்திருக்கறாருமா?”

“அவரையே கேளுங்க சார்.”

டாக்டர் கட்டில் பக்கம் குனிந்தார். அப்புறம் ஏ.வின் குரல். “முடியாது சார்.”

அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

டாக்டரே ஒரு பக்கம் பிடிக்க, துணி மாற்றினார்கள். முக்கால் மணி நேரம். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும், “அன்னிக்கே இப்படிக் காட்டியிருக்கலாமே சார்,” என்றார். சைக்கிளை எடுத்தேன்.

ஜூலை 28, திங்கள்

ராத்திரி மழை, காலையில் சேறு. உதவியாளர் படி உத்தரவு கையில். திருப்புட்குழி ஆள் ஒருவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், புதன் முதல் வருகிறார். சு. இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். அழுதாள்.

ஏ.வுக்கும் படித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் முகம். தாடி ஒரு மாதத்தது. சவரம் செய்யட்டுமா என்றேன். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

சுவரில் எப்போதும் மெடல்கள் தொங்கும் ஆணி காலி. எங்கே என்று சு.விடம் கேட்டேன். “அவருதான் போடச் சொன்னாருணா,” என்று கண்ணால் தறிக்குழியைக் காட்டினாள்.