நாற்பது நாள் உறக்கம்

இன்று காலை பக்கத்து வீட்டில் மிளகாய் வற்றல் வறுத்தார்கள். அந்த நெடியோடு உன் முகமும் வந்து நின்றது, அண்ணே. நேற்றுத்தான் உன் கருமாதி முடிந்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. திருமங்கலத்து மாப்பிள்ளைக்கு என்னைப் பேசி முடித்திருந்தாய். அந்த வாரமே காய்ச்சல் கண்டது. எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பிறகு தூக்கம். சோற்றில் கை வைத்தபடியே உறங்கிப்போனேன். மாப்பிள்ளை பிடிக்காமல் பாசாங்கு செய்கிறேன் என்று நீயாகவே முடிவு கட்டினாய். சட்டித் தணலில் வற்றலைக் கருக்கி என் மூக்கடியில் பிடித்தாய்.

"நடிக்காத. எந்திரி."

கேட்டது, அண்ணே. நெஞ்சு எரிந்தது. இமையைத்தான் தூக்க முடியவில்லை.

மதினி அழுது சண்டை போட்ட பிறகே பரவையிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினாய். மூளையில் வரும் அழற்சி இது, சீமையிலும் பலரைப் படுக்கையில் போட்டிருக்கிறது, மருந்து கிடையாது என்று டாக்டர் உன்னிடம் நிதானமாகச் சொன்னார். வீடு திரும்பி நீ மதினியிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

"மூளைச் சீக்குன்னு வெளிய தெரிஞ்சா எம் மகள எவன் கட்டுவான்? அவளுக்குத் திமிருன்னே சொல்லு."

நோய் என்றால் வீட்டுக்கே கறை. திமிர் என்றால் எனக்கு மட்டும்.

நாற்பது நாள் கழித்துக் கண் திறந்தேன். மதினி கரண்டி கரண்டியாக ஊற்றிய கஞ்சியில் உயிர் தங்கியிருந்தது. வலக்கை விளங்கவில்லை. திருமங்கலத்தார் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். கிணற்றடியில் என்னைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். உன் மகளுக்குக் கொட்டாம்பட்டியில் நல்ல இடம் அமைந்தது. இனியாவது உண்மையைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "முடிஞ்சதக் கிளறாத" என்றாய், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

வருஷம் போகப் போக நோய் என் முகத்தையும் இறுக்கிவிட்டது. சிரிப்பும் கோபமும் அதில் தெரியாது. இடக்கையால் எழுதப் பழகியிருக்கிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

உன்னைத் தூக்கியபோது நான் அழவில்லை. கூடப்பிறந்தவள் கல்லாக நிற்கிறாளே என்று சொந்தம் முணுமுணுத்தது. மதினி எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து சொன்னாள்: "அவளுக்கு மூளையில வந்த நோயி. இம்புட்டு வருஷமா முகம் அசையல."

அந்த வீட்டில் அந்தச் சொல் வெளியாள் காதில் விழுந்தது அன்றுதான். அதைச் சொல்ல நீ சாக வேண்டியிருந்தது.

மதினியை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, அண்ணே. போன தையில் கன்று செத்ததற்கு அழுதேன். மதினிக்குக் காய்ச்சல் கண்டபோது அழுதேன். உனக்காகக் கண்ணீர் வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.