அஞ்சு தெரு அண்டாவும் ஐரோப்பிய பட்ஜெட்டும்

உன் அண்டா மூடியால் என் மானம் ஐரோப்பா வரைக்கும் போனது, மாமு.

போன மாதம் மகள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, மேல்படிப்புக்காக அந்த ஊர்ப் பேராசிரியர்களிடம் நேர்முகத் தேர்வில் பேசிக்கொண்டிருந்தாள். உதவித்தொகை கிடைத்தால்தான் போக முடியும். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று வீட்டையே மிரட்டி வைத்தவன் நான். பரணில் எலி சத்தம் போடுகிறதே என்று விரட்டப் போய், அங்கே பத்திரமாக வைத்திருந்த நம் அஞ்சு தெரு சங்கத்து அண்டா மூடியைத் தள்ளிவிட்டவனும் நான்தான். அது உருண்டு, சுழன்று, ஊரைக் கூட்டி, அவள் நாற்காலிக்குப் பின்னால் போய்ப் படுத்தது. எடுக்கப் போன என்னை லுங்கியோடு அத்தனை பேரும் பார்த்தார்கள்.

சரியாக அப்போதுதான் கேட்டிருக்கிறார்கள்: பல நாடுகள் சேர்ந்த ஒன்றியம் ஏழு வருட பட்ஜெட்டுக்குப் பணத்தை எப்படித் திரட்டுவது? மகள் திரும்பிப் பார்த்தாள். மூடியைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டி, உன் கதையை ஆரம்பித்துவிட்டாள். அந்த இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது நம் வடசென்னை 'கொருக்குப்பேட்டை' மட்டும்தான்.

மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்த தெருவுக்குச் சோறு போக, அஞ்சு தெருவுக்கும் ஒரே சமையல் என்று ஆனதும் வருடா வருடம் நமக்குள் சண்டை. எங்கள் மேட்டுத் தெருவில் சம்பாதிப்பவர்கள் அதிகம், அதனால் பங்கும் அதிகம். சங்கக் கூட்டத்தில், பள்ளத் தெருக்காரனும் சங்கத்துச் சமையல்காரனுமான உன்னை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

"நாங்க அள்ளிக் குடுக்கறோம், துன்றது நீங்க. எங்களுக்கு இன்னா மாமு திரும்பி வருது?"

"மழையாண்ட போய்க் கேட்டுகினு வா நைனா, இந்த வாட்டி எந்தத் தெருவுக்கு வருவேன்னு. அப்பால கணக்கு பாக்கலாம்."

கூட்டமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நீ முடித்துவிட்டாய். "வருசா வருசம் அட்ச்சிகினா சோறு எப்ப ஆக்கறது? அஞ்சு வருசத்துக்கும் இன்னிக்கே பேசி முடிங்க." அண்டாவையும் நாற்காலிகளையும் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டு, அதை நேராகச் சங்கப் பெட்டியில் போடவும் சொன்னாய். "அது அண்டா சம்பாரிச்ச துட்டு. அதுக்கு தெரு கெடையாது."

அடுத்த மழையில் தண்ணீர் மேட்டுத் தெருவுக்கே வந்தது. கட்டில்மேல் கோழி மாதிரி நான் குந்தியிருக்க, அண்டாவைப் படகுபோல மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தாய். குத்திக் காட்டவே இல்லை. "உப்பு சரியா கீதா பாரு" என்றாய். கம்மிதான். "அருமை" என்றேன்.

அங்கேயும் இதே பேஜாராம், மாமு. அதிகம் கொடுக்கும் நாடுகள், எங்களுக்கு என்ன திரும்பி வருகிறது என்கின்றனவாம். துறைமுகச் சுங்கவரியில் பெரும்பங்கு நேராகப் பொதுப் பெட்டிக்குப் போகிறதாம், உன் அண்டா வாடகை மாதிரி. மகள் விளக்கும்போது எனக்கு நம் கூட்டம்தான் கண்ணில் வந்தது. என்ன, லுங்கிக்குப் பதில் கோட்டு.

இன்று காலை சீட்டு வந்துவிட்டது, உதவித்தொகையோடு. அந்தப் பணமும் அந்தப் பொதுப் பெட்டியிலிருந்துதான். கொருக்குப்பேட்டைப் பெண்ணால் எங்களுக்கு என்ன லாபம் என்று அங்கே எவனும் நெஞ்சை நிமிர்த்தாமல் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொள்கிறேன், நானே!

மதியம் அஞ்சு தெருவுக்கும் உன் அண்டாவில் பிரியாணி. உப்பு நான் போட்டேன், கொஞ்சம் கம்மியாகவே. நசுங்கிய மூடியைத் தூக்கிக்கொண்டு வந்த மகள் கேட்டாள்.

"ஏம்ப்பா, அண்டாக்காரரு உனுக்கு தோஸ்தா, சண்டக்காரரா?"

"சண்டக்காரன்தான்" என்றேன்.

அஞ்சு வருடத்துக்கு ஒரு தடவை, பங்குக் கணக்குப் பேசும் அந்த ஒரே ஒரு நாள் மட்டும் என்பதை நான் சொல்லவில்லை.