தியேட்டர் திரை எரிந்த கதை

3 நவம்பர், திங்கள்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. பழைய தியேட்டரைக் காபிக் கடையாக்கும் ஸ்வீ லின் போன் செய்தாள். சுவரில் தியேட்டர் வரலாற்றை மாட்டப் போகிறாளாம். தமிழில் எழுத நான். ஓய்வு பெற்ற டீச்சருக்கு வேறென்ன வேலை! வெள்ளிக்குள் வேண்டுமாம்.

வாசலில் மாட்ட அப்பா படமும் கேட்டாள். முப்பது வருஷம் அங்கே டிக்கெட் கிழித்தவர். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

4 நவ.
எழுத வேண்டியவை: தகரக் கூரை. சம்பள நாளில் தோட்டத்து லாரிகள். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். இடைவேளையில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம். அம்மன் படம் என்றால் அம்மன் தோன்றும் கட்டத்தில் திரைக்கு முன்னால் தட்டில் கற்பூரம். பெண்களுக்குச் சாமி வரும்.

அப்புறம் தீ. அங்கே பேனா நின்றுவிட்டது.

ஊர் சொல்வது: தோட்டத்துச் செல்லம்மா சாமி வந்து தட்டைப் பிடுங்கித் திரையைக் கொளுத்தினாள். தோட்டத்தில் வேலை போனது, லயத்து வீடும் போனது. இன்றும் அவள் 'திரை எரிச்சவ'தான்.

அப்பா சாகும் முன் சொன்னது: தட்டு அவர் கையில்தான் இருந்தது. மின்விசிறிக் காற்றில் திரை பற்றிக்கொண்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் அவள் பெயரைச் சொல்லிவிட்டார். எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். பதினொரு வருஷமாக அண்ணன் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

5 நவ.
அண்ணன் வந்தான். டீயைத் தொடவில்லை.

"தீயப் பத்தி எழுதாத கமலா. அவ்வளவுதான்லா."

"அந்தக்கா பேரு கெட்டுக் கெடக்கே அண்ணே?"

"செத்தவரு மேல சேத்த வாரிப் பூசுவியா? என் பேரப்புள்ளைங்க அந்த வாசல் வழியாதான் போகணும்."

அவன் போனதும் பி.பி. மாத்திரை ஒன்று.

6 நவ.
பஸ்ஸில் சுங்காய் டவுனுக்கு. செல்லம்மாக்கா மகள் வீட்டில் இருக்கிறார். எண்பது இருக்கும். உட்காரக்கூட இல்லை, அப்பா சொன்னதை நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கி எனக்குச் சாமியே வரல டீச்சர். வயித்து வலி. வெளிய லாரில படுத்திருந்தேன்."

"ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே! டிக்கெட்டு கிழிக்கிறவரு பாத்தேன்னு சொல்லும்போது என் பேச்ச எவன் கேப்பான்? என் வீட்டுக்காரரே நம்பல. சாகற வரைக்கும் நம்பல."

காபி கொடுத்தார். குடித்தேன். இப்படி வெட்கப்பட்டதே இல்லை.

7 நவ., வெள்ளி
உள்ளது உள்ளபடி எழுதி ஸ்வீ லினிடம் கொடுத்தாயிற்று. அண்ணனுக்கும் வாட்ஸ்அப்பில். இரண்டு கோடும் நீலம். மீன் வாங்க மறந்துபோனேன்.

15 நவ., சனி
திறப்பு நாள். நல்ல கூட்டம். அண்ணன் அப்பா படத்தடியில். செல்லம்மாக்கா மகள் கையைப் பிடித்தபடி வந்தார். வரலாற்றுப் பலகைக்கு முன்னால் நின்று, எழுத்துகளை விரலால் தடவினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படி டீச்சர். எல்லாருக்கும் கேக்கட்டும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

அப்பாவின் பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.